கொள்கையைக் காட்டி விற்கும் கம்பெனிகளை நம்பலாமா?

வாடிக்கையாளரின் அரசியல் உணர்வைத் தொட்டு விளம்பரம் செய்யும் கம்பெனிகளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கொள்கைக்காக எதை இழக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நம்ம நெல்லைச் சீமைக்கு இது பழகிய விஷயம். தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலம். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 25 ரூபாய்ப் பங்குகளை விற்றதே நாட்டுப்பற்றைச் சொல்லித்தான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, இலவசப் பயணம் என்றது, குடைகூடக் கொடுத்தது என்பார்கள். வ.உ.சி. அசரவில்லை. 1908-ல் சிறைக்கே போனார்.

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டோடு, நெல்லை பக்கத்துக் கங்கைகொண்டான் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிற கோபமும் சேர்ந்திருந்தது. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பெட்டிக்கடைகளில் நம்ம ஊர்க் குளிர்பானமான பொவண்டோவுக்குக் கிராக்கி கூடியது. அங்கே உணர்வு மக்களிடமிருந்து வந்தது, விளம்பரத்திலிருந்து அல்ல.

கலர் சோடா, சோப்பு, நகை எல்லாம் தரத்தில் ஒன்றுபோல ஆகிவிட்டதால்தான் கம்பெனிகள் இப்போது அடையாளத்தை விற்கின்றன. மக்கள் பிளவுபட்டிருந்தால் ஒரு பக்கம் கைதட்டும், மறுபக்கம் புறக்கணிக்கும். 2020-ல் இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்தும் விளம்பரத்தை நகைக் கம்பெனியான தனிஷ்க் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஊழியர் பாதுகாப்பைக் காரணம் காட்டித் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை.