வண்டியை வீடாக்குவதா, வீட்டை வண்டியில் ஏற்றுவதா?

கேள்வி: குலசேகரம் பக்கம் இரண்டரை ஏக்கர் ரப்பரும் கொஞ்சம் நேந்திரன் வாழையும் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் வாங்கிய பொலிரோ கேம்பர் பிக்கப்புக்குக் கடன் முடிந்துவிட்டது. எங்கள் ரப்பர் ஷீட், வாழைக்குலை போக அக்கம்பக்கத்தார் லோடும் அடிப்பதால், டீசல், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் கழித்து மாதம் 8,000 ரூபாய் கையில் நிற்கும். நானும் மனைவியும் மகனும் வண்டியிலேயே படுத்துச் சமைத்து மூணாறு, வயநாடு, கொடைக்கானல் என்று சுற்ற ஆசை. வருடத்துக்கு 20 இரவு என்று வைத்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று, பிக்கப் பெட்டிக்குள் இறக்கி வைக்கும் கூண்டு. பட்டறையில் 3,40,000 ரூபாய் கேட்கிறார்கள். மற்றது, பெட்டியையே கழற்றிவிட்டுத் தட்டை மேடை போட்டு, அதன்மேல் முழு அகலத்துக்கும் அறை கட்டுவது. அதற்கு 6,80,000. என்னிடம் எஃப்டி 4 லட்சம் இருக்கிறது. பெரியது என்றால் 5 லட்சம் சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாம். மகன் அடுத்த வருடம் கல்லூரி போகிறான். பெரியதற்குப் படம் வரையச் சொல்லி 10,000 அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. எது லாபம் சார்?

பதில்: உங்கள் வண்டியின் பெயரே கேம்பர்தான். ஆனால் அதில் படுக்கவும் முடியாது, கஞ்சி வைக்கவும் முடியாது. முன்னால் ஐந்து பேர் உட்கார இரட்டை கேபின், பின்னால் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு நியாயம் செய்யக் கிளம்பியிருக்கிறீர்கள். ஆசையைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் "எது லாபம்" என்றால் இரண்டிலும் லாபம் இல்லை. எதில் நஷ்டம் தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

வீடாகப் பார்த்தால் தட்டை மேடைதான் உசத்தி என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் இறக்கும் கூண்டுக்குப் பின்சக்கர வளைவு இரண்டு பக்கமும் முட்டும். அதனால் தரை குறுகி, பெட்டிச் சுவருக்கு மேலே போனபிறகுதான் அகலம் கிடைக்கும். மேடையில் அந்தத் தொல்லை இல்லை. தரையே சுவருக்குச் சுவர் நீளும், கதவைப் பக்கவாட்டில் வைக்கலாம், மேடைக்கு அடியில் இரண்டு பக்கமும் சாமான் பெட்டி பூட்டலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜனங்கள் இதற்கு ஏன் காசு கொட்டுகிறார்கள் என்பது புரியும்படிதான் இருக்கிறது. அங்கே பலர் அதற்கென்றே கனமான ட்ரக் வாங்கி, மாதக்கணக்கில் அதிலேயே குடியிருக்கிறார்கள். கழற்றிய பெட்டியையும், பழைய கூண்டையும் அறையையும் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் உண்டு. உங்கள் வண்டியோ ஓணத்துக்கு முந்தின வாரம் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போக வேண்டிய வண்டி.

அதனால் 3,40,000-க்கும் 6,80,000-க்கும் உள்ள வித்தியாசம் 3,40,000 என்று நினைக்க வேண்டாம். நான் போட்ட கணக்கு இது.

கூண்டு எட்டு வருடம் உழைக்கும், கடைசியில் 60,000-க்குப் போகும் என்று வைப்போம். அப்படியானால் தேய்மானம் வருடத்துக்கு 35,000. அந்தப் பணம் 7 சதவீத வட்டியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் 23,800 இனி வராது. பராமரிப்பு 6,000. சுற்றுலா நாட்களில் போகாத லோடுக்கு இன்னொரு 6,000. கூட்டினால் 70,800. 20 இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு 3,540 ரூபாய், டீசல் தனி. மூணாறில் மூன்று பேருக்குச் சுமாரான அறையும் சாப்பாடும் ஏறக்குறைய அந்த விலைதான். மனசுக்குப் பிடித்திருந்தால் செய்யலாம் என்கிற அளவில் நிற்கிறது. 10 இரவுதான் போனீர்கள் என்றால் அதுவே ஏறக்குறைய 7,000 ஆகும். ரப்பரில் பால்வெட்டு நடக்கும் மாதங்களில் தோட்டத்தை விட்டு 20 இரவு போவீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மேடை அறைக்கு வருவோம். எட்டு வருடம் கழித்து 80,000 கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும் தேய்மானம் 75,000. போன வட்டி 47,600. பராமரிப்பு 10,000. இதோடு முடியவில்லை. அந்த அறையை வாராவாரம் இறக்கி ஏற்ற யாராலும் முடியாது. அது ஏறியபிறகு வண்டி லோடு அடிக்காது. மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000 போச்சு. மொத்தம் 2,28,600, அதாவது ஓர் இரவுக்கு 11,430 ரூபாய். உங்கள் குலையையும் ஷீட்டையும் சந்தைக்குக் கொண்டுபோக வேறு வண்டிக்குக் கொடுக்கும் வாடகையை நான் இதில் சேர்க்கவேயில்லை.

எடையும் பார்க்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் வெற்று எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள், மிஞ்சுவதுதான் வண்டியில் ஏற்றக்கூடிய சுமை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஒரு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி 50, 60 கிலோ வரும். அடுப்பு, மெத்தை, மூன்று பேர், துணிமணி எல்லாம் இதற்குமேல். பட்டறைக்காரர் அறையின் எடையை எழுத்தில் தரட்டும். "தாங்கும் சார்" என்பது எடை இல்லை.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயில் பிக்கப் ஓட்டியவர் நீங்கள், காலி வண்டியையே காற்று எப்படிப் பிடித்துத் தள்ளும் என்று தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலையைச் சும்மா நட்டுவைக்கவில்லை. அந்த இடத்தில் எட்டடி உயர அறையைச் சுமந்து போவதை யோசியுங்கள். டீசலும் கூடக் குடிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு. முட்டம், சொத்தவிளை பக்கம் நிறுத்தினால் உப்புக்காற்று வேறு. இரும்புச் சட்டத்தில் அலுமினியத் தகடு அடித்தால் சேர்கிற இடத்தில் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். பராமரிப்புத் தொகையை நான் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

இனி ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. பெட்டியைக் கழற்றி மேடையும் அறையும் கட்டுவது சந்தேகமில்லாமல் பாடி மாற்றம். குடியிருக்கும் வண்டிகளுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. அந்த வகையில் பதிவு மாறினால் சரக்கு வண்டி என்ற உரிமை போய்விடும். பட்டறை பில்லை மட்டும் வைத்துக்கொண்டு அலைய முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால் விபத்து நாளில் அவர்கள் முதலில் தேடுவது அந்தக் காரணத்தைத்தான். கூண்டை இறக்கிவைக்க முடியும் என்பதால் சிக்கல் குறைவு, அதற்காக இல்லை என்று ஆகிவிடாது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ, உங்கள் வண்டி எங்கே பதிவோ அந்த அலுவலகத்தில் படத்தோடு மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். எது கட்டினாலும் ஓடும்போது பின்னால் யாரும் படுத்து வரக்கூடாது. சரக்கு ஏற்றும் இடத்தில் பயணம் செய்தவருக்கு அடிபட்டால் இழப்பீடு உங்கள் தலையில் விழும். இரட்டை கேபின் இருப்பது இதற்கு வசதி. ராத்திரி மகன் அந்தப் பின்சீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும்.

மகன் என்றதும் இன்னொன்று. அடுத்த வருடம் அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் பயணத்தில் நீங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கு எதற்கு முழு அகல அறை?

சீட்டுக்கு வருகிறேன், என்னைக் கோபப்படுத்தியது இதுதான். 5 லட்சம் சீட்டை 25 சதவீதம் தள்ளி எடுத்தால் கையில் 3,75,000. மிச்சத் தவணையை மாதாமாதம் முழுதாகக் கட்ட வேண்டும். வண்டியின் 8,000-ஐயும் நிறுத்திவிட்டுத் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? எஃப்டி 4 லட்சத்தையும் சேர்த்து அறைக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 95,000. அப்போதுதான் கல்லூரி ஃபீஸ் வந்து நிற்கும். சீட்டைத் தொடாதீர்கள். கடைசி வரை கட்டி, தள்ளாமல் எடுத்து, மகன் படிப்புக்கு வையுங்கள்.

கூண்டுக்கும் இன்றே எஃப்டியை உடைக்கச் சொல்லவில்லை. 4 லட்சத்தில் 3,40,000 போனால் ஆபத்துக்கு என்று 60,000 தான் நிற்கும். மழை நீண்டு பால்வெட்டு நின்றுபோன வருடங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தபிறகு அங்கே வாடகை கேரவன் கிடைக்கிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளம்தானே. மூன்று இரவு மழையில் அதற்குள் படுத்து, பாத்திரம் கழுவி, காலையில் கழிப்பறை தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் மனைவி "கட்டலாம்" என்றால் ஒன்றரை வருடம் லோடுக் காசைத் தனியாகச் சேர்த்தால் 1,44,000 வரும். மீதியை மட்டும் எஃப்டியிலிருந்து எடுத்துக் கூண்டு செய்யுங்கள். நாலு மூலையிலும் ஜாக்கி வைத்து இறக்கவும், ஷீட் அடிக்கும் ஷெட்டில் நிறுத்தவும் இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்துவிடுங்கள்.

அட்வான்ஸ் 10,000-ஐப் பட்டறையில் கூண்டு வேலைக்கு வரவு வைக்கக் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அந்த 10,000-ஐ மீட்க 6,80,000 போட வேண்டாம்.