துணி போர்த்திய சிறகுகள்

கேள்வி: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்ட பழைய பயணிகள் விமானம் ஏதேனும் இன்னும் பறக்கிறதா?

பதில்: பறக்கிறது. 1934இல் முதன்முதலாக வானேறிய, பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டிராகன் ரேப்பிட் ரக விமானங்கள் 700க்கு மேல் கட்டப்பட்டதால், அவற்றுள் சில இன்றும் பறக்கும் நிலையில் காக்கப்படுகின்றன. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி அதில் ஏறிப் பறந்திருக்கிறார்கள்.

உடல் முழுவதும் மரமும் துணியும்தான் என்பதால் பராமரிப்பு பெரும் பொறுமையைக் கேட்கும். மரத்தை ஒட்டிய பழைய பசை ஈரத்தில் வலுவிழந்துவிடும். துணியை இறக்கைச் சட்டங்களோடு நூலால் கையாலேயே தைத்து, அதன்மேல் மெருகெண்ணெய் போன்ற பூச்சைப் பலமுறை பூசுவார்கள். அது உலர உலரத் துணி இறுகி, விரலால் சுண்டினால் மத்தளம்போல் ஒலிக்கும்.

1936 ஜூலையில், பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரியான ஜெனரல் பிராங்கோவைக் கானரித் தீவுகளிலிருந்து மொராக்கோவுக்குக் கொண்டுசென்ற ரேப்பிட், மாட்ரிட் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் இதேபோல் இரட்டை இறக்கை கொண்ட, பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் பயணிகள் விமான நிறுவனத்தின் நான்கு எஞ்சின் ஹேண்ட்லி பேஜ் 42 ரக விமானங்கள் எட்டில் ஒன்றுகூட இன்று இல்லை. அவற்றுள் ‘ஹானிபல்’ 1940இல் ஓமான் வளைகுடாப் பகுதியில் பயணிகளோடு காணாமற்போனது. ஒன்றையாவது பாதுகாத்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.