எரிவாயு மின் நிலையத்தை அடிக்கடி நிறுத்தி இயக்கினால் மாசு கூடாதா? அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும்போது எரிவாயு நிலையத்தை நிறுத்திவிட்டு, மாலையில் தேவை ஏறும்போது மீண்டும் இயக்குவது வழக்கமாகிவிட்டால், நிலக்கரியைவிடத் தூய்மையானது என்று எரிவாயுவுக்கு இருக்கும் நற்பெயர் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். டெல்டா பகுதியில் உள்ள ஓர் எரிவாயு சுழலி (டர்பைன்) மின் நிலையத்தில் கருவிப் பராமரிப்புப் பிரிவில், குறிப்பாகப் புகைபோக்கி அளவீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் பணியில் இருந்தவன். மாசு கூடும் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அது நாள் முழுவதும் சீராகக் கூடுவதில்லை. இயந்திரம் கிளம்பும் அரை மணி, ஒரு மணி நேரத்திலும், பாதி லோடுக்கு, அதாவது முழுத் திறனில் பாதி உற்பத்திக்கு, கீழே ஓடும் நேரத்திலும் குவிந்து வெளியேறுகிறது. ஆகவே இத்தகைய நிலையங்களில் மாசுக் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் அந்த நேரத்தைக் குறுக்கும் வேலைதான்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். காரைக்கால் திருமலைராயன்பட்டினத்தில் உள்ள புதுச்சேரி அரசு நிறுவனத்தின் கூட்டுச் சுழற்சி நிலையம் மொத்தம் 32.5 மெகாவாட் திறன் கொண்டது, அதில் 22.9 மெகாவாட் எரிவாயு சுழலியிலிருந்தும், மீதி 9.6 மெகாவாட் அந்தச் சுழலி வெளியேற்றும் சூடான புகையால் கொதிகலனில் உண்டாகும் நீராவியிலிருந்தும் கிடைக்கின்றன. 500 முதல் 600 டிகிரி வரை சூடான புகையை வீணாக்காமல் இரண்டாவது முறை வேலை வாங்குவதால்தான், நவீனமான பெரிய நிலையங்களில் எரிபொருள் ஆற்றலில் 60 சதவீதம் வரை மின்சாரமாகிறது. யூனிட்டுக்கு வெளியேறும் கரியமில வாயுவும் 350 முதல் 400 கிராம் அளவில் நிற்கிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. சாம்பல் இல்லை, கந்தகம் மிகக் குறைவு. எஞ்சுபவை நைட்ரஜன் ஆக்சைடுகளும், கார்பன் மோனாக்சைடும், எரியாமல் தப்பும் மீத்தேனும்தான்.

இவற்றில் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை என்பதே சிக்கலின் வேர். தீச்சுடரின் வெப்பம் சுமார் 1500 டிகிரியைத் தாண்டினால், காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறும் வேகம் மளமளவென ஏறிவிடும். வெப்பத்தை அதிகமாகத் தணித்தாலோ, கார்பன் மோனாக்சைடு முழுவதும் எரிந்து கரியமில வாயுவாவதற்குள் சுடர் அணைந்துபோகும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வெப்பப் பட்டை இருக்கிறது. எரிவாயுவை முன்கூட்டியே மிகுதியான காற்றோடு கலந்து அந்தப் பட்டைக்குள் எரிய வைப்பதுதான், தண்ணீரோ நீராவியோ செலுத்தாமல் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் இன்றைய எரியறைகளின் உத்தி. முழு லோடில் இது மிக அழகாக வேலை செய்கிறது, 25 பி.பி.எம். (பத்து லட்சம் பங்குப் புகையில் 25 பங்கு), சில இயந்திரங்களில் 9 பி.பி.எம். வரைகூட இறங்குகிறது. லோடு குறையக் குறைய எரிவாயு குறைகிறது, ஆனால் காற்றை அதே விகிதத்தில் குறைக்க முடிவதில்லை. கலவை மேலும் மெலிந்து சுடர் நடுங்கத் தொடங்கும்போது, சுடர் அணையாமல் காக்க, பைலட் எனப்படும் சிறு துணைச் சுடர் வழியே கலக்காத எரிவாயுவைக் கூடுதலாக ஊட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில் நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு இரண்டுமே ஒருசேர ஏறுவதைத் திரையில் பார்க்கலாம். பல இயந்திரங்களில் இந்த எல்லை பாதி லோடு அளவில் இருக்கிறது. காற்று உள்ளே வரும் வழியிலுள்ள வழிகாட்டி இதழ்களை மூடிக் காற்றைக் குறைப்பது, காற்றை அழுத்தி எரியறைக்குத் தரும் அழுத்தியிலிருந்து (கம்ப்ரசர்) சூடான காற்றை எடுத்து மீண்டும் நுழைவாயிலுக்கே அனுப்புவது ஆகிய இரண்டு வழிகளில் இந்த எல்லையை இன்னும் கீழே தள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு எரியறைகள் கொண்ட வடிவமைப்புகளில், இரண்டாவதை அணைத்துவிட்டு முதலாவதை மட்டும் அதற்குரிய நல்ல வெப்பத்தில் ஓட்ட முடிகிறது. ஓடிக்கொண்டே இறங்கி நிற்கக்கூடிய இயந்திரத்துக்கு நிறுத்தித் தொடங்கும் தேவை குறையும் என்பதால், இந்த எல்லையைக் கீழே தள்ளும் ஒவ்வொரு படியையும் நான் மதிக்கிறேன்.

கிளம்பும் நேரத்தின் கனத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன்; இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு, எந்த நிலையத்தின் அளவீடும் அன்று. முழு லோடில் 5 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடு விடும் இயந்திரம், கிளம்பும் அரை மணி நேரத்தில் சராசரியாக 1000 பி.பி.எம். விடுவதாகவும், அப்போது புகையின் ஓட்டம் முழு ஓட்டத்தில் 60 சதவீதம் என்றும் கொள்வோம். செறிவு 200 மடங்கு. அதை அரை மணியாலும் 0.6 ஆலும் பெருக்கினால் 60 வருகிறது. அதாவது ஒரே ஒரு தொடக்கம், சீராக ஓடும் 60 மணி நேரத்துக்குச் சமமான கார்பன் மோனாக்சைடை வெளியேற்றிவிடுகிறது. தினமும் நிறுத்தித் தொடங்கும் நிலையத்தில் முழு லோடு பி.பி.எம். கணக்கை மட்டும் காட்டி ‘வரம்புக்குள் இருக்கிறோம்’ என்று சொல்வது ஏன் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அளவீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. புகையில் மிகுதிக் காற்று கலந்திருப்பதால், கருவி காட்டும் எண்ணை 15 சதவீத ஆக்சிஜன் நிலைக்குத் திருத்திய பிறகே வரம்போடு ஒப்பிட வேண்டும். குறைந்த லோடில் ஆக்சிஜன் 18 சதவீதம் இருந்து, கருவி 40 பி.பி.எம். காட்டினால், 20.9இலிருந்து 15ஐக் கழித்தால் வரும் 5.9ஐ, 20.9இலிருந்து 18ஐக் கழித்தால் வரும் 2.9ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். உண்மையான எண் 81 ஆகிறது. சுழலி வெறுமனே சுற்றத் தொடங்கும் முதல் நிமிடங்களில் ஆக்சிஜன் ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவிலேயே இருப்பதால், வகுக்கும் எண் பூஜ்ஜியத்தை நெருங்கி, திருத்திய எண் பொருளற்ற உயரத்துக்குப் போய்விடும். அந்த நிமிடங்களைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவது எளிய வழி. ஆனால் புகையின் ஓட்டத்தோடு பெருக்கி, ஒரு தொடக்கத்துக்கு இத்தனை கிலோ என்று எடை கணக்கில் பதிவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் பல நிலையங்களின் அனுமதிப் பத்திரங்களில் ஒரு தொடக்கத்துக்கான எடை வரம்பு தனியாகவே எழுதப்படுகிறது.

எரியறையைத் தாண்டி வருவதைப் பிடிக்கக் கொதிகலனுக்குள் வினையூக்கி அடுக்குகளை வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடை எரிக்க ஒன்று. நைட்ரஜன் ஆக்சைடை அமோனியாவின் துணையோடு நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்ற இன்னொன்று. இரண்டாவதை எஸ்.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதைக் கொண்டு கலிபோர்னியாவில் 2 பி.பி.எம். அளவுக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆனால் வழக்கமான வினையூக்கிக்கு ஏறத்தாழ 300 முதல் 400 டிகிரி வெப்பம் வேண்டும். கிளம்பும் நேரத்தில் அது குளிர்ந்து கிடக்கிறது. மாசு மிகுந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அமோனியாவைச் செலுத்த முடியாது. அவசரப்பட்டுச் செலுத்தினால் அமோனியா வினைபுரியாமல் அப்படியே புகைபோக்கி வழியாகப் போய், காற்றில் நுண்துகளாக மாறும். சூடேறிய பிறகும் கவனம் தேவை. வினையூக்கி தன் மேற்பரப்பில் அமோனியாவைத் தேக்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. லோடு வேகமாக ஏறி வெப்பமும் ஏறும்போது, நாம் ஒரு துளிகூடக் கூட்டாமலே, தேங்கியது விடுபட்டு வெளியேறும். புகைபோக்கியிலிருந்து மாதிரி வாயு சூடான குழாய் வழியாகப் பகுப்பாய்வுக் கருவிக்கு வந்து சேரவே சிறிது நேரம் பிடிப்பதால், கருவி சொன்ன பிறகு வால்வைத் திருத்துவது, லோடு மாறிக்கொண்டே இருக்கும் நிலையத்தில் எப்போதும் பிந்திய திருத்தமாகவே இருக்கும். ஆகவே எரிவாயு ஓட்டம், காற்றின் வெப்பம், சுடர் நிலை ஆகியவற்றிலிருந்து வரப்போகும் நைட்ரஜன் ஆக்சைடை முன்கூட்டியே கணித்து அமோனியாவைத் திறந்து, கருவியின் எண்ணைச் சிறு திருத்தத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். சிறந்த கட்டுப்பாடு என்பது இங்கே அளவைவிட நேரத்தைச் சார்ந்தது.

நேரத்தைக் குறுக்குவதில் பெரும் தடை கொதிகலனின் தடித்த டிரம், அதாவது நீரும் நீராவியும் பிரியும் உருளைக் கலம். அதைத் திடீரென்று சூடாக்கினால் உலோகம் விரிசல் விடும் என்பதால், பழைய நிலையங்களில் கொதிகலன் மெல்லச் சூடாகும்வரை எரிவாயு சுழலி மோசமான குறைந்த லோடிலேயே காத்திருக்க வேண்டும். டிரம் இல்லாத ஒருவழிக் கொதிகலன், நீராவியைக் குளிர்வித்து நீராவிச் சுழலிக்குத் தக்கபடி தரும் ஏற்பாடு, இரவில் வெப்பம் தப்பாமல் புகைபோக்கியை மூடும் தகடு ஆகியவை இந்தக் காத்திருப்பை நீக்கவோ குறைக்கவோ செய்கின்றன. எரியாத வாயு தங்கியிருக்கக் கூடாது என்பதற்காகத் தொடங்கும் முன் குளிர்ந்த காற்றை ஊதிக் கொதிகலனைச் சுத்தம் செய்வது கட்டாயம். அது சேமித்த சூட்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். எரிவாயு வால்வுகள் கசியவில்லை என்று உறுதி செய்யும் ஏற்பாட்டோடு, அந்த ஊதலை நிறுத்தும்போதே முடித்துவைத்துவிட்டால், மறுநாள் தொடக்கத்தில் அந்த இழப்பு இல்லை.

நம் நாட்டு விதிகளுக்கு வருகிறேன். இயற்கை எரிவாயுவில் ஓடும் சுழலி நிலையங்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, 400 மெகாவாட்டும் அதற்கு மேலும் 50 பி.பி.எம்., 100 முதல் 400 வரை 75, அதற்குக் கீழே 100. காரைக்கால் நிலையம் மூன்றாவது வகையிலும், 107.88 மெகாவாட் கொண்ட, திருவாரூர் மாவட்டத்தின் கோவில்களப்பால் நிலையம் இரண்டாவது வகையிலும் அடங்கும். இவை எஸ்.சி.ஆர். இல்லாமலே எட்டக்கூடிய வரம்புகள். எஸ்.சி.ஆர். வருமானால், சிப்காட்டின் நெடியோடு பல்லாண்டு வாழ்ந்த கடலூர்க்காரன் என்ற முறையில், அழுத்தத்தில் அடைத்த தூய அமோனியாவைக் குடியிருப்புகளுக்கு அருகே சேமிப்பதைவிட, நீரில் கரைத்த அமோனியாவையோ யூரியாவையோ வலியுறுத்துவேன். இன்னொன்று: தொடங்கும் நேரத்தில் புகையின் சூடும் வேகமும் குறைவு என்பதால் அது உயரே எழுவதும் குறைவு. அதிகாலையில், காற்று அசையாமல் தரையோடு படிந்திருக்கும் வேளையில், நைட்ரஜன் டை ஆக்சைடு தரும் மங்கிய மஞ்சள் நிறத்தோடு அது புகைபோக்கிக்கு அருகிலேயே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். பிற்பகல் கடற்காற்று வீசும்போது அதே அளவு புகை விரைவில் கலைந்துவிடும். எனவே மாலை உச்சத் தேவைக்காகத் தொடங்க வேண்டிய இயந்திரத்தைக் காற்று அடங்கும் முன் தொடங்குவது, செலவில்லாத ஒரு பாதுகாப்பு.

தொடக்கங்களின் எண்ணிக்கையையே குறைக்க மின்கலங்கள் வந்துவிட்டன. 2017இல் கலிபோர்னியாவின் நார்வாக்கில், 50 மெகாவாட் எரிவாயு சுழலி ஒன்றோடு 10 மெகாவாட் மின்கலத்தை இணைத்தார்கள். மின் கட்டமைப்பிலிருந்து அழைப்பு வந்தவுடன் மின்கலம் மின்சாரம் தரத் தொடங்கும், சுழலி அதன் பிறகு கிளம்பும் என்பதால், அவசரத் தேவைக்காக அதை வெறுமனே ஓடவிட்டு வைத்திருக்க வேண்டியதில்லை. அது கொதிகலன் இல்லாத தனிச் சுழலி. கூட்டுச் சுழற்சி நிலையத்தில் இந்த இணைப்பின் பயன் இன்னும் கூடுதல் என்றே நினைக்கிறேன், ஏனெனில் அங்கே கிளம்பும் நேரம் நீளமானது. மூன்று, நான்கு மணி நேர இடைவெளிக்காக நிறுத்துவதா, குறைந்த லோடில் ஓட்டுவதா என்று முடிவு செய்யும்போது, எரிவாயு விலையையும் இயந்திரத் தேய்மானத்தையும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு தொடக்கத்துக்கான கிலோவும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். உங்கள் பகுதியில் இத்தகைய நிலையத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், முழு லோடு பி.பி.எம். எவ்வளவு என்பதோடு நிற்காமல், ஆண்டுக்கு எத்தனை தொடக்கங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ வெளியேறும், எத்தனை சதவீத லோடுக்குக் கீழே வரம்பு மீறப்படும் என்ற மூன்றையும் கேளுங்கள். நிலையத்தை வடிவமைத்தவர்களிடம் இந்த மூன்றுக்கும் விடை இருக்கும்.