ஊழியத்தை விட்டு மேற்படிப்புக்குப் போகிறேன். சான்றிதழைத் தர மறுக்கிறார்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. தமிழ்நாட்டில் ஒரு திருமண்டலத்தில் (பல சபைகளை நிர்வகிக்கும் திருச்சபை அமைப்பு) உதவி ஆயராக, அதாவது உதவிப் போதகராக இருக்கிறேன். என் பி.டி. (இறையியல் இளங்கலை) படிப்புச் செலவு 2,40,000 ரூபாயைத் திருமண்டலம்தான் கட்டியது. அதற்காக 5 ஆண்டு ஊழியம் செய்வதாகவும், இடையில் விலகினால் 5 லட்சம் ரூபாய் தருவதாகவும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பட்டச் சான்றிதழ்களின் அசலையும், கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கையும் அப்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். 3 ஆண்டு 4 மாதம் முடிந்துவிட்டது. இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இறையியல் முதுகலைக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு. விஷயத்தைச் சொன்னதும், "5 லட்சத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விசாவையே நிறுத்துவோம். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறீர்கள்" என்கிறார் செயலர். மனைவியும் குழந்தையும் என்னோடு குருமனையில் (போதகருக்குச் சபை தரும் வீடு) இருக்கிறார்கள். நான் என்ன செய்வது, ஐயா?

பதில்: விசா பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். விசா தருவதும் மறுப்பதும் அந்த நாட்டுத் தூதரகத்தின் வேலை. வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்று மேனகா காந்தி வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தடுக்க ஒரு திருமண்டலச் செயலருக்கு அதிகாரம் இல்லை. பாஸ்போர்ட்டையும் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. வேலைக்கு வைத்தவர் அதை வாங்கிப் பூட்டி வைக்க வழியே இல்லை.

உங்களை ஊழியத்தில் பிடித்து வைக்கவும் முடியாது. ஒருவருடைய சொந்தத் தகுதியை நம்பி நடக்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தான் ஆகவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடாது; குறித்தவகை நிவாரணச் சட்டம் பிரிவு 14 அப்படி. அவர்கள் கேட்கக்கூடியது பணம் மட்டும்தான்.

வாக்கு பற்றிச் செயலர் சொன்னதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. ஒரு வழக்கறிஞனாக இவ்வளவு சொல்லலாம்: குருப்பட்டம் வேறு, வேலை ஒப்பந்தம் வேறு. குருப்பட்டத்தில் நீங்கள் எடுத்த பிரதிக்கினையை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. பதவியிலிருந்து விலகுவதாலேயே குருப்பட்டம் போய்விடுமா என்பதைச் சபையின் சட்டதிட்டங்கள்தான் சொல்லும். அதை வாங்கிப் படியுங்கள். இன்னும் ஆழமாக இறையியல் படிக்கப் போகிறவரிடம் "வாக்கை மீறுகிறாய்" என்று சொல்வது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

சட்டதிட்டங்களைப் படிக்கும்போது படிப்பு விடுப்பு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ராஜினாமாவுக்கு முன்னால் அதைக் கேளுங்கள். மீதி 20 மாதத்தைப் படித்துவிட்டு வந்து முடிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பத்திரம் முறியாமலே போகலாம். ஆனால் புதிய பத்திரம் ஒன்றை நீட்டி, அதில் இன்னும் பெரிய தொகையைப் போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன். "மேற்படி காலம் முடியுமுன் விலகும் பட்சத்தில் ரூபாய் 5,00,000 நஷ்டஈடாகச் செலுத்தச் சம்மதிக்கிறேன்" என்ற வரிதான் அதன் உயிர். இது செல்லவே செல்லாது என்று உங்கள் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம். முத்திரைத்தாள் 20 ரூபாய்தான் என்பதும் உதவாது. முத்திரை குறைவாக இருந்தால் பற்றாக்குறையையும் அபராதத்தையும் கட்டி அதைச் சாட்சியமாக்கிவிடலாம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27க்கு விரோதமில்லை என்று சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

சபைப் பெரியவர்களின் செல்வாக்குக்குப் பணிந்து கையெழுத்துப் போட்டேன் என்று பிரிவு 16இன் கீழ் வாதாட இடம் இருக்கிறது. நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் அதை எடுக்க மாட்டேன். அவர்கள் பணத்தில் படித்தீர்கள், அந்தப் பட்டத்தால்தான் இப்போது இடமும் கிடைத்திருக்கிறது. மனமார வாங்கிக்கொண்ட ஒரு நன்மையை மிரட்டல் என்று சொல்வது நீதிமன்றத்தில் நிற்காது, உங்கள் மனசுக்கும் ஒத்துவராது.

உங்களுக்கு உதவப்போவது பிரிவு 74. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது முழுசாகக் கிடைத்துவிடாது. எழுதிய தொகையைத் தாண்டாமல், நியாயமான ஈட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருமண்டலம் செலவழித்தது 2,40,000. 60 மாதத்தில் 40 மாதம் வேலை பார்த்துவிட்டீர்கள். மீதி மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80,000 ரூபாய். நீதிபதி இதே கணக்கைத்தான் போடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் செயலரிடம் பதில் இருக்காது. உங்களிடம் ரசீது இருக்கிறது.

அதே பத்திரத்தின் கடைசிப் பத்தியில், விலகிய பிறகு 7 ஆண்டுக்கு வேறு எந்தச் சபையிலும் ஊழியம் செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பொருட்படுத்த வேண்டாம். வேலையை விட்ட பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்பது பிரிவு 27இன்படி செல்லாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த செக். வெற்று செக்தானே என்று இருந்துவிடாதீர்கள். தானாக முன்வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக்கை வேறொருவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் 5 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டு, அது திரும்பி, நோட்டீஸ் வந்து 15 நாளில் நீங்கள் பணம் கட்டாவிட்டால், செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138இன் கீழ் கிரிமினல் வழக்கு. 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. வங்கியில் 'ஸ்டாப் பேமெண்ட்' கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நீங்கள் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும்போது சம்மன் குருமனை விலாசத்துக்கு வந்து திரும்பிப் போனால், அடுத்தது வாரண்ட்.

அதனால் அந்த 80,000 ரூபாயைப் புறப்படுவதற்கு முன்பே, பத்திரத்தைக் குறிப்பிட்டு, வங்கி வழியாகத் திருமண்டலக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்பேன். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இதில் இன்னொரு பலனும் உண்டு. ஒரு பகுதியைக் கட்டிய பிறகும், அதைக் கழித்து செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கு வங்கியில் போட்டால் பிரிவு 138 பொருந்தாது என்று 2022இல் தஷ்ரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பணத்தோடு ஒரு கடிதமும் போகட்டும்: இன்ன எண்ணுள்ள செக் பிணையாகத்தான் கொடுக்கப்பட்டது, 5 லட்சம் கடன் எதுவும் இல்லை, செக்கைத் திருப்பித் தரவும் என்று.

அடுத்து சான்றிதழ். அசல் இல்லாமல் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் சான்றிதழ் ஏற்கப்பட அரசு தரும் அத்தாட்சி) வாங்க முடியாது என்று தவிக்கிறீர்கள், புரிகிறது. கொடுக்க வேண்டிய பாக்கிக்காக ஒருவர் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 பட்டியலே போட்டிருக்கிறது. வங்கி, காப்பீட்டுத் தரகர் என்று சிலர் வருகிறார்கள். வேலை கொடுத்தவர் அதில் இல்லை. மற்றவர்களுக்கு அந்த உரிமை வேண்டுமானால் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் சான்றிதழ் என்ற சொல்லே இல்லை. போதாததற்கு, கல்விச் சான்றிதழ் சந்தையில் விலைபோகும் சரக்கு அல்ல, அதன்மேல் இப்படி உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கேட்டும் தராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. ரிட் மனு (அரசு அமைப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இது தனியார் அமைப்போடு செய்துகொண்ட வேலை ஒப்பந்தம், அதனால் ரிட் பெரும்பாலும் நிற்காது. தொழிலாளர் நீதிமன்றமும் உங்களுக்கு இல்லை. 1978ஆம் ஆண்டு பெங்களூர் குடிநீர் வழக்கிலிருந்தே ஆன்மிகப் பணி, தொழிலாளர் சட்டம் சொல்லும் 'தொழில்' (industry) என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறது. குறித்தவகை நிவாரணச் சட்டம் பிரிவு 8இன் கீழ் அந்தக் குறிப்பிட்ட பொருளையே திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டு, வகுப்புத் தேதியைக் காட்டி இடைக்கால மனுவும் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். செயலரின் அலமாரியில் இருப்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கையில் ஆயுதம் கொடுத்ததாகிவிடும். அதற்குப் பதில், மதிப்பெண் பட்டியலை நேரடியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் படித்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள இப்போதைக்கு அது போதுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

குருமனை உங்களுக்கு வாடகை வீடு அல்ல, பதவியோடு வந்த அனுமதி. பதவி போனால் காலி செய்யத்தான் வேண்டும். ஆனால் அனுமதி ரத்தானாலும், வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று வசதியுரிமைச் சட்டம் பிரிவு 63 சொல்கிறது. குழந்தையின் பள்ளியைக் காரணம் காட்டி ஒரு தேதியை நீங்களே எழுதிக் கேளுங்கள்.

புறப்படும் முன் திருமணப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, ஆலயச் சாவி எல்லாவற்றையும் பாஸ்டரேட் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) உறுப்பினர்கள் இருவர் முன்னிலையில் ஒப்படையுங்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசியாகப் பதிந்த எண் வரை குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கில் நீங்கள் கையெழுத்திடுபவர் என்றால் பெயரை நீக்கச் சொல்லி வங்கிக்கே எழுதுங்கள். உதவித்தொகை உங்கள் சொந்தக் கணக்குக்கு வரட்டும்; சபைக் கணக்கு வழியாக வேண்டவே வேண்டாம்.

பணி விதியில் 3 மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, விடுப்பு இல்லையென்றால் ராஜினாமா கடிதத்தை உடனே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்கள் நம்பும் உறவினர் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்து, இனி வரும் தபாலெல்லாம் அவர் விலாசத்துக்கே வரும்படி திருமண்டலத்துக்கும் வங்கிக்கும் எழுதிவிட்டு விமானம் ஏறுங்கள்.