விழா மலரில் இல்லாத பெயர்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. எங்கள் சபையில் ஏழு வருடமாக ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். போன மாதம் சபையின் ஆண்டு விழா மலர் வந்தது. பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம், கதிரை அடுக்கிய தம்பிமார் என்று எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது. என் பெயர் இல்லை. கேட்டால் “அச்சில் விடுபட்டுவிட்டது” என்று சிரிக்கிறார்கள். அதோடு நான் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் வரவில்லை என்று ஒருவரும் போன் எடுக்கவுமில்லை. “ஆண்டவருக்காகத்தானே செய்தாய், பிறகென்ன?” என்கிறார் அம்மா. அவருக்காகத்தான் என்றால் இப்படி வலிக்குமா?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: வலிக்கும், தங்கச்சி. ஏழு வருடம் என்றால் 350 ஞாயிறுக்கு மேல். படம் வெட்டி, பசை ஒட்டி, அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நீ. பெயரை விட்டது சபையின் பிழை. சபையை நடத்தும் ஐயரிடம் நேரே போய், “எனக்கு மனவருத்தம்” என்று சொல். “ஆண்டவருக்குத் தெரியும்” என்பதை நீ உனக்குச் சொல்லிக்கொள்ளலாம். நன்றி சொல்ல மறந்தவர்கள் அதை உனக்குச் சொல்லக்கூடாது.

சரி, இனி என் கதை. நான் 22 வருடம் ஆலயத்தில் ஓர்கன் வாசித்தவள். ஆராதனை முடிந்ததும் இசைத்தாள்களை மெதுவாகத்தான் அடுக்குவேன். யாராவது வந்து “இன்றைக்கு நல்லாயிருந்தது அக்கா” என்று சொல்ல நேரம் கொடுக்க வேண்டுமே! ஒருவரும் சொல்லாத ஞாயிறுகளில் வீட்டில் சோறு அடிப்பிடிக்கும். மற்ற எல்லாரும் அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கீபோர்ட் வாசிக்கும் ஒரு பையன் என் இடத்துக்கு வந்தான். முதல் ஞாயிறு வாங்கில் உட்கார்ந்தபோது கட்டுப்போட்ட கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவன் எங்கே பிழை விடுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் விட்டான். பாடுவதற்குத் திறந்த வாயோடு நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயப்படுத்தியது. வாசிக்காவிட்டால் நான் ஒன்றுமில்லை என்று எனக்குள்ளே ஓர் எண்ணம் எவ்வளவு காலமாகக் குடியிருந்ததோ!

அந்த மாதமே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்கள் ஓர்கன் சுவரைப் பார்த்தபடி இருக்கும். அதனால் இத்தனை வருடமும் எல்லா ஞானஸ்நானமும் என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறது. அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கினார். பெயரைக் கேட்டார். அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீதிக்குக் கேட்கக் கத்தியது. அது ஒரு பாட்டு வாசித்ததில்லை, ஒரு கதிரை தூக்கியதில்லை. கடவுளுடைய பிள்ளை என்று அதற்குச் சொல்லியாகிவிட்டது.

இயேசு யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றபோதும் அதே ஒழுங்குதான். “இவர் என்னுடைய நேசகுமாரன்” என்று வானத்திலிருந்து சத்தம் வந்தபோது அவர் இன்னும் ஒரு பிரசங்கம் செய்யவில்லை, ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை. மத்தேயு 3ஆம் அதிகாரம் அது. 4ஆம் அதிகாரத்தைத் திருப்பினால் பிசாசு வந்து நிற்கிறான். அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல்லே “நீர் தேவனுடைய குமாரனேயானால்” என்பதுதான். ஏற்கெனவே கொடுத்ததை நிரூபித்துக் காட்டு என்கிறான். மலரில் உன் பெயரைத் தேடியபோது உன் காதிலும் அந்த “ஆனால்” கேட்டிருக்கும்.

இன்னுமொன்று வாசித்துப் பார். ரோமிலிருந்த விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய நிருபம், ரோமர் 16. சனங்கள் வேகமாகத் தாண்டிப்போகும் அதிகாரம், வெறும் பெயர்ப்பட்டியல் என்று. பவுல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். முதற்பெயரே ஒரு பெண், பெபேயாள். அவளுடைய ஊர் கெங்கிரேயா, கொரிந்துவின் துறைமுகம். துறைமுகத்துக்காரி என்பதால் எனக்கு அவள்மேல் ஒரு தனிப் பாசம். நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவும் 22ஆம் வசனத்தில் தன் பெயரைச் சொல்லிக்கொள்கிறார். ஆக, பெயர் சொல்லி நன்றி சொல்வது நல்ல கிறிஸ்தவப் பழக்கம்தான். உங்கள் மலர்க் குழு இதைப் படிக்கட்டும்.

ஆனால் 13ஆம் வசனத்தில் கொஞ்சம் நில். ரூபு என்பவருடைய தாயார் தனக்கும் தாய் என்கிறார் பவுல். எப்போது, எங்கே, என்ன சமைத்துக் கொடுத்தாள் என்று ஒன்றும் இல்லை. அவளுடைய பெயரும் இல்லை. நேரே என்பவரின் சகோதரிக்கும் 15ஆம் வசனத்தில் அதே கதி. அந்த மூலப் பட்டியலிலேயே உன்னைப்போல இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்து பார்ப்போம் என்று, சனிக்கிழமைகளில் போய் ஆலய வாங்குகளில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைத் துடைத்தேன். இரண்டு கிழமை ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை தங்கைக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். இப்போது உனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

திரும்பிப் போவதா என்பதை மலரை வைத்துத் தீர்மானிக்காதே. களைத்திருந்தால் ஒரு தவணை ஓய்வெடு, அது பாவமில்லை. போவதானால், பிள்ளைகள் “டீச்சர்” என்று ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள் என்பதற்காகவும் போகாதே. அதுகள் வளர்ந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விடும், பிறகு நீ இன்னொரு கடிதம் எழுதுவாய். உனக்கு ஞானஸ்நானம் தந்த ஆலயத்தில் பதிவேடு இருக்கும். ஒருநாள் கேட்டு எடுத்து, உன் பெயர் உள்ள பக்கத்தைப் பார்த்துவிட்டு வா. முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அன்றைக்கு உன்னைக் கையில் வைத்திருந்தவர் அவர்தானே.

கேள்வி: முகநூலில் தினமும் ஒரு வேதவசனம் போடுகிறேன். எத்தனை லைக் என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிறுத்தவா?
- ஒரு வாசகர், மூதூர்

பதில்: தம்பி, வசனத்தைப் போடுங்கள். போட்டபின் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் அன்றைய வசனம் ஞாபகத்தில் இருந்ததா, அல்லது லைக்தான் ஞாபகத்தில் இருந்ததா என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள்.