வாசகர் கேள்வி – பதில்: வாக்கைத் தீர்மானிப்பது வயதா?

கேள்வி: எழுபதைக் கடந்த என் தந்தை, வாக்குரிமை கிடைத்த நாள் முதல் யானைக்கே (இலங்கையின் ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம்) புள்ளடி இட்டு வந்தவர். 2024 இல் நானும் தங்கையும் திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தியின் சின்னம்) வாக்களித்தோம். இளையோர் மாற்றத்தையும் முதியோர் பழைய கட்சியையுமே விரும்புவர் என்று கொள்ளலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அப்படிக் கொள்வதற்கு நமது தேர்தல் முடிவுகள் இடம் தருவதில்லை. வாக்குச்சீட்டில் வயதோ தொழிலோ பதியப்படுவதில்லை. முடிவுகளும் தொகுதி வாரியாகவே வெளிவருகின்றன. ஒரு சமூகப் பிரிவினரின் விருப்பம் ஓரளவேனும் தனித்துத் தெரியும் இடம், அரச உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் பொலிசாரும் படையினரும் அளிக்கும் தபால்மூல வாக்குகள்தாம். ஆகவே, “இளைஞர் வாக்கே வென்றது” என்று தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் அடித்துச் சொல்பவர்களைச் சற்று ஐயத்துடன் கேட்பதே நல்லது.

வயதுக்குப் பங்கே இல்லை என்பதன்று. ஆனால், வீடு, கடன், பிள்ளைகள், ஓய்வூதியம் என்று ஆண்டுகள் ஏற ஏற வரும் எச்சரிக்கை வேறு. அரசியல் புரியத் தொடங்கும் பருவத்தில் நாடு இருந்த நிலை மனத்தில் பதித்துவிடுவது வேறு. என் கணிப்பில் பின்னதே வலிது. உங்கள் தந்தையின் இளமை, பாணுக்கு வரிசையில் நின்ற எழுபதுகளில் கழிந்தது. அவ்வரிசைகளுக்கு முடிவு கட்டுவதாகச் சொல்லி 1977 இல் வந்தது யானை. 1983 யூலை வன்முறை அதே கட்சியின் ஆட்சியில் நிகழ்ந்த பின்னரும் கொழும்புத் தமிழரில் பலர் அதை விட்டு விலகாததற்கு, எதிரே நின்றது 1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் அணி என்பதும், புறக்கோட்டை வணிகருக்குத் திறந்த பொருளாதாரம் ஒத்துப்போனதும் காரணங்கள். உங்களுக்கோ வரிசை என்றால் 2022 இன் எரிபொருள் வரிசை. அதன் பழி பழைய கட்சிகள் அனைத்தின் மீதும் விழுந்தது.

இதற்கும் மேலாக இடமும் தருணமும் உள்ளன. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 27,000 வாக்குகள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அங்கே 80,000 ஐத் தாண்டி, 6 ஆசனங்களில் 3 ஐப் பெற்றது. இரண்டு மாதம்கூட ஆகாத அந்த இடைவெளியில் யாருக்கும் வயது குறைந்துவிடவில்லை. அதே நாளில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 இல் முதலிடம் பெற்ற அக்கட்சி, மட்டக்களப்பில் மட்டும் இலங்கைத் தமிழ் அரசுக் கட்சிக்குப் பின்னால் நின்றது. மட்டக்களப்பில் இளைஞர்கள் இல்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்களின் வாக்கு எங்கே போகிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பலரின் பெயர் இன்னும் தோட்டத்து முகவரியிலேயே வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. தனியார் துறை ஊழியருக்குத் தபால்மூல வாக்கு இல்லாததால், அவர்கள் முதலாளியிடம் விடுமுறை கேட்டு, நெரிசலான பஸ்ஸில் நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போய்த்தான் வாக்களிக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்ப விடுமுறை வழங்க வேண்டும் என்ற விதி இருந்தாலும், கடையில் அதைக் கேட்டுப் பெறும் துணிவு பத்தொன்பது வயதுப் பையனுக்கு எளிதில் வருவதில்லை. அப்படிப் போகாமல் விடுபவரின் விருப்பம் எந்தக் கட்சியின் கணக்கிலும் சேர்வதில்லை.