அமெரிக்க உழவர் குடும்பங்களின் வம்சாவளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எங்கே கிடைக்கும்?

பதில்: கிடைக்காது. 1921-இல் வாஷிங்டனில் பற்றிய தீயில் பெரும்பகுதி பாழாகி, மிஞ்சியதும் பின்னர் அழிக்கப்பட்டது. தப்பியவை சுமார் ஆறாயிரம் பெயர்களே.

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஒஹாயோவில் பண்ணை வைத்திருந்தனர். 1850 கணக்கெடுப்பில் தந்தை, தாய், ஆறு பிள்ளைகள் உள்ளனர். வம்சாவளியை அப்படியே வரைந்து இணையத்தில் ஏற்றிவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. அடிமைகள் நீங்கலாக வீட்டிலிருந்த அனைவரின் பெயரும் 1850 முதல் எழுதப்பட்டது உண்மைதான்; ஆனால் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்னும் விவரம் 1880-இல்தான் சேர்ந்தது. நீங்கள் தாய் என்று குறித்திருக்கும் பெண்ணுக்கு வயது 27, மூத்த மகனுக்கு 16 என்று உங்கள் படியிலேயே இருக்கிறது. பதினொரு வயதிலா பெற்றாள்? அவள் இளைய தாரமாக இருக்கலாம். அந்தப் பையன் குடும்பத் தலைவரின் இறந்துபோன அண்ணனின் மகனாகவும் இருக்கலாம். இப்படி ஏற்றியதை நாற்பது பேர் படியெடுக்கிறார்கள். பிறகு அந்த நாற்பதையும் சான்றாகக் காட்டி எனக்கே கடிதம் வருகிறது. படியெடுத்தது சான்றாகாது. கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தில் தந்தையின் சொத்துப் பங்கீட்டு ஆவணங்களைத் தேடுங்கள். வாரிசுகள் பெயர் பெயராக அங்கே இருப்பார்கள். நில விற்பனைப் பத்திரங்களில் மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டிருப்பாள். 1840-இல் ஒரு பெயரும் 1848-இல் வேறு பெயரும் இருந்தால், இரண்டாம் திருமணமா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: மருமகளின் கொள்ளுத்தாத்தா நெப்ராஸ்காவில் 160 ஏக்கர் இலவசமாகப் பெற்றாராம். பட்டா நகல் கையில் இருக்கிறது. இது போதுமா?

பதில்: போதாது. பட்டாவில் பெயர், தேதி, நிலத்தின் எல்லை தவிர அதிகம் இராது. இலவச நிலம் வழங்கிய 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டதை அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடும்பத்தினர் எண்ணிக்கை, அண்டை உழவர்களின் சாட்சியம் ஆகியவை அவரது நில விண்ணப்பக் கோப்பில் இருக்கும். அயல்நாட்டிலிருந்து வந்தவராயின் குடியுரிமைத் தாள்களும் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள்.

கேள்வி: மில்லர் என்ற உழவரைக் கண்டுபிடித்துத் தரவும்.

பதில்: எந்தக் கவுண்டி, எந்த ஆண்டு?

கேள்வி: குடும்பம் இடம் மாறவேயில்லை, ஆனால் 1830-களின் பத்திரங்கள் எங்கள் கவுண்டியில் இல்லையாம்.

பதில்: கவுண்டி எப்போது உருவானது என்று முதலில் பாருங்கள். பழைய கவுண்டியிலிருந்து பிரிந்திருந்தால், பிரிவதற்கு முந்தைய பத்திரங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.